கார்னரில் யாரை நிறுத்துவது? கபடி அணியின் இடச் சண்டையை உருப்படியாகப் போட ஒரு வழி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தக் கடற்கரை ஊரை எடுத்தாலும், கபடிப் போட்டி முடிந்த மறுநாள் வலை கட்டுகிற கொட்டகையில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "அவனை லெப்ட் கார்னர்ல விட்டதுதான் மாப்ள தப்பு" என்பார் ஒருவர். "கார்னர் என்னண்ணே செய்வான், பிடிச்சானா இல்லையா? கவர் வந்து சேரலைல்ல" என்பார் இன்னொருவர். அரை மணி நேரத்தில் பேச்சு ஆட்டத்தை விட்டு, யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, போன வருசம் கோப்பையை யார் விட்டது என்று கிளம்பிவிடும். வாதம் நடக்கட்டும், அது இல்லாமல் கபடி இல்லை. ஆனால் வாதம் முடியும்போது, யார் எந்த இடம் என்று எழுதிய ஒரு தாள் கேப்டன் கையில் போய்ச் சேர வேண்டும். அதற்கான வழிதான் இது.

முதலில் யாருடைய இடது?

பாதிச் சண்டை திசையில்தான் வருகிறது. கபடியில் லெப்ட், ரைட் என்பது பிடிக்க நிற்கிறவனின் இடது, வலது. நடுக்கோட்டைப் பார்த்து நிற்கும்போது அவனுக்கு எது இடக்கைப் பக்கமோ அதுதான் லெப்ட் கார்னர். எதிர் அணியின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவருக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்திருக்கும். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும், இவர் மாறாமல் அதே இடத்தில் இருப்பார். அவர் சொல்லும் "லெப்ட்" முதல் பாதியில் ஒன்று, இரண்டாம் பாதியில் வேறொன்று.

ஆகவே பிடிக்கிற ஏழு பேரும் ஓரத்திலிருந்து ஓரம் வரை நிற்கும் இடத்துக்கு எண் கொடுத்துவிடுங்கள். லெப்ட் கார்னர் 1, லெப்ட் இன் 2, லெப்ட் கவர் 3, சென்டர் 4, ரைட் கவர் 5, ரைட் இன் 6, ரைட் கார்னர் 7. பனியன் எண்ணை இந்தப் பேச்சில் யாரும் எடுக்கக் கூடாது. ரைடர், அதாவது தொட்டுவிட்டுப் போக வரும் எதிரணி ஆள், எதிர்முகமாக வருவதால் அவனுடைய வலது பக்கம் இருப்பது நம்முடைய 1. வலது கையும் வலது காலும் ஓடும் ரைடர் நம் 1, 2, 3 பக்கம் சாய்வான். இடது கால்காரன் 5, 6, 7 பக்கம் வருவான். இதை ஒத்துக்கொண்ட பிறகே அடுத்த பேச்சு.

மணலில் களத்தைப் போடுங்கள்

வாயால் மட்டும் வாதாடினால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு களம் இருக்கும். மணலில் விரலால் ஒரு பாதிக் களம் கிழித்து, ஏழு கிளிஞ்சலை வையுங்கள். ரைடருக்கு ஒரு பாட்டில் மூடி போதும். யார் எதைச் சொன்னாலும் கிளிஞ்சலை நகர்த்திக் காட்டித்தான் சொல்ல வேண்டும். "அவன் ஓடி வந்து அடைச்சிருக்கணும்" என்று சொல்கிறவரே கிளிஞ்சலை நகர்த்திப் பார்த்தால், நடுவில் இன்னொருவன் நிற்பது தெரியும்.

நிஜக் களத்தின் அளவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு பாதி 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (ரைடர் கடந்தே ஆக வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அங்கிருந்து 1 மீட்டர் தள்ளி போனஸ் கோடு (தாண்டினால் ரைடருக்குக் கூடுதல் பாயிண்ட்), அதற்குப் பின்னால் கடைசிக் கோடு வரை 1.75 மீட்டர். இரு ஓரத்திலும் லாபி என்கிற 1 மீட்டர் பட்டை. ஆக, யாரையும் தொடாத வரை ஆட்டம் நடப்பது நடுவில் உள்ள 8 மீட்டருக்குள்தான்.

டேப் இல்லையென்றால் வலைக்கயிறு போதும். ஒரு கயிற்றில் 3.75, 4.75, 6.5 மீட்டரிலும், இன்னொன்றில் 1, 9, 10 மீட்டரிலும் அடையாளம் செய்யுங்கள். முடிச்சுப் போடாதீர்கள். ஒவ்வொரு முடிச்சும் கயிற்றைக் கொஞ்சம் உள்வாங்கும், மூன்றாவது முடிச்சுக்குள் அளவு குறைந்துவிடும். கலர் நூலை இறுக்கிக் கட்டுங்கள். நைலான் கயிறு இழுவையில் நீளும் என்பதால் இரண்டு பேர் நன்றாக இழுத்துப் பிடித்த நிலையிலேயே அளந்து கட்ட வேண்டும். களம் கோணலா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கவும். இரண்டும் 16.40 மீட்டர் வந்தால் களத்தின் மூலைகள் நேராக இருக்கின்றன.

இட வாதத்துக்கு இதெல்லாம் எதற்கு என்றால், பல ஊர்த் திடல்கள் அகலத்தில் அரை மீட்டர், ஒரு மீட்டர் குறைவாக இருக்கும். குறுகிய களத்தில் 1-க்கும் 3-க்கும் தூரம் குறைவு, செயின் (பக்கத்து ஆட்கள் சேர்ந்து போடும் கூட்டுப் பிடி) தானாகவே கூடிவிடும். சொந்தத் திடலில் புலியாக நிற்கும் கார்னர் வெளியூர்ப் போட்டியில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். ஆளைக் குறை சொல்வதற்கு முன் திடலை அளந்து பாருங்கள்.

கார்னர் பிடிப்பது பாதி, கவர் முடிப்பது மீதி

ஏழு இடங்களில் சண்டை அதிகம் வருவது 1-லும் 7-லும்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கார்னருக்கு உயரம் முக்கியமில்லை, தாழ்ந்து நிற்கத் தெரிவதுதான் முக்கியம். முட்டி மடங்கி, இடுப்பு இறங்கி, உடம்பின் எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். குதிகாலில் எடையை வைத்து நிற்பவன் ரைடர் திரும்பிய பிறகுதான் கிளம்புவான். ரைடர் கால் நீட்டித் தொட வரும்போதும், போனஸ் கோட்டைத் தாண்ட ஒரு காலை வீசும்போதும் அவன் எடை முழுக்க மற்றொரு காலில் நிற்கும். கார்னரின் நேரம் அதுதான். நீண்டு வந்த காலின் கணுக்காலை இரண்டு கையாலும் வளைத்துத் தரையிலிருந்து தூக்கி, தோளை அவன் முழங்காலுக்குக் கீழே கொடுத்துக் கடைசிக் கோட்டுப் பக்கம் இழுக்க வேண்டும். தூக்காமல் தரையோடு அமுக்கிப் பிடிப்பதுதான் நம் பக்கத்துப் பையன்கள் அதிகம் செய்கிற தப்பு. அமுக்கிய காலையே ஊன்றி ரைடர் எழும்பிவிடுவான். ஒற்றைக் கையில் பிடிப்பது அடுத்த தப்பு. ரைடர் வருவதற்குள் தானே பாய்ந்து போவது மூன்றாவது, அதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகம். ரைடர் ஒரு விரல் தொட்டுவிட்டுத் திரும்ப, கார்னர் மணலைப் பிடித்துக்கொண்டு கிடப்பான்.

சரி, கணுக்கால் கிடைத்துவிட்டது. போனஸ் கோட்டிலிருந்து நடுக்கோடு 4.75 மீட்டர். ஆறடி ஆள் கையை நீட்டி விழுந்தாலே அதில் பாதியைக் கடந்துவிடுவான். ஆகக் கார்னர் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும், மீதிப் பாதியை அடைக்க இன்னொருவன் வேண்டும். அந்த இன்னொருவன் 3 அல்லது 5. கவர் ரைடருக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவில் தோளைக் கொடுத்து நிற்க வேண்டும். பின்னாலிருந்து முதுகைப் பிடித்து இழுக்கும் கவரை நம்பாதீர்கள். அவன் இழுக்க இழுக்க ரைடர் முன்னால் சாய்வான், சாய்ந்தால் கை கோட்டைத் தொடும்.

இதனால்தான் தனி ஆளைப் பற்றி வாதாடுவது பெரும்பாலும் வீண் என்கிறோம். 1-2-3 ஒரு கூட்டு, 5-6-7 இன்னொரு கூட்டு. கார்னரில் நிற்பவனும் "இன்" இடத்தில் (2 அல்லது 6) நிற்பவனும் கை கோத்து நிற்பார்கள். கார்னர் காலுக்கு இறங்கும்போது "இன்" ஆள் கையை விட்டுவிட வேண்டும். அவன் விடாவிட்டால் கார்னரின் ஒரு கை சிக்கிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கார்னர் ஒற்றைக் கையால் பிடித்தது போலத் தெரியும். பழி அவன் மேல்தான் விழும். ஒருவரை மாற்றச் சொன்னால், அவர் பக்கத்தில் நிற்கும் மற்ற இருவரோடு அவருக்கு எப்படி ஒத்துப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருசம் ஒரே படகில் வேலை பார்த்தவர்கள் கார்னரும் கவருமாக நன்றாகச் சேருவதுண்டு. வலை இழுக்கும்போது யார் எப்போது கையை மாற்றுவான் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும் அல்லவா.

கவருக்கு எடையும் நெஞ்சும் வேண்டும், அதோடு கோட்டு நினைப்பும் வேண்டும். ரைடரைத் தொடுவதற்கு முன்பே லாபியில் கால் வைத்தால் கவர் அவுட். டாஷ் அடிக்க, அதாவது ரைடரை மோதி வெளியே தள்ள, ஓடிவரும் வேகத்தில் இது அடிக்கடி நடக்கும், அதுவும் சுண்ணாம்புக் கோடு காற்றில் கலைந்த இரவுகளில்.

இன், சென்டர் இடங்களுக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. ரைடு போகிறவர்களை 2, 4, 6-ல் வையுங்கள். முதன்மை ரைடரை ஓரத்தில் நிறுத்தி அவன் தொடுபட்டு வெளியே போனால், அடுத்த ரைடுக்கு ஆள் இருக்காது. அவன் பிடிப்பதிலும் கெட்டிக்காரன் என்றால்கூட முதல் பத்து நிமிடம் அடக்கிவைப்பது நல்லது.

நோட்டு இல்லாமல் வாதாடாதீர்கள்

மனசு கடைசியாகப் பார்த்ததை மட்டும்தான் வைத்திருக்கும். இறுதி ஆட்டத்தில் ஒரு நல்ல பிடி போட்டவன் ஆறு மாதத்துக்குக் கார்னர் ஆகிவிடுவான். இதற்கு மருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றும், எழுத இரண்டு பேரும்தான். ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். ஒரே ஆள் பார்த்து எழுதினால் குனிந்து எழுதுகிற நேரத்தில் அடுத்த ரைடு பாதி போயிருக்கும். ஒரு ரைடு 30 விநாடிதான்.

எதிரணி ரைடு வரும்போது மட்டும் எழுதுங்கள். ஒரு வரியில் ஐந்து விஷயம்: நம் களத்தில் எத்தனை பேர் நின்றார்கள், ரைடர் எந்தப் பக்கம் போனான், முதலில் கை வைத்தது எத்தனாவது இடம், இரண்டாவதாக வந்து சேர்ந்தது எத்தனாவது இடம், முடிவு என்ன. முடிவுக்கு மூன்று குறி போதும். பிடித்தால் "பி". பிடியே கிடைக்காமல் தப்பினால் "த". பிடி கிடைத்தும் நழுவினால் "ந". இந்த "த"வும் "ந"வும் தனித்தனியாக இருப்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 40 நிமிட ஆட்டத்தில் நம் பக்கம் சுமார் 40 ரைடு வரும். மூன்று ஆட்டம் எழுதினால் பேச அடிப்படை கிடைக்கும். ஒருவனைப் பற்றிக் குறைந்தது பத்து முயற்சியாவது எழுதாமல் தீர்ப்பு சொல்லக் கூடாது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. மூன்று ஆட்டத்தில் 1 பதினான்கு முறை இறங்கினான், ஐந்துதான் பி. 7 ஏழு முறை இறங்கினான், அதிலும் ஐந்து பி. கொட்டகையில் என்ன சொல்வார்கள்? "7-ல நிக்கிறவனைத் தூக்கி 1-ல போடு." நோட்டைப் புரட்டினால், 1-ன் ஒன்பது தோல்வியில் மூன்று த, ஆறு ந. அதாவது பதினான்கில் பதினொரு முறை காலைப் பிடித்துவிட்டான். அந்த ஆறு ந-விலும் இரண்டாவது ஆள் என்ற கட்டம் காலி, அல்லது 4 என்று இருக்கிறது. 3 வரவே இல்லை. மாற்ற வேண்டியது 3-ல் நிற்பவனை. 7-ஐ 1-க்குக் கொண்டுபோனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 5-6-7 கூட்டும் கெடும், 1-ல் அதே ஓட்டை அப்படியே இருக்கும்.

ஏழு பேருக்கு மட்டும் திட்டம் போடுவது

கொட்டகை வாதங்களின் பெரிய குறை இதுதான். ஏழு பேரும் நிற்பது ஆட்டத்தில் கொஞ்ச நேரம். தாளில் மூன்று வரி வேண்டும்: ஏழு பேர், ஐந்து பேர், மூன்று பேர்.

ஏழு பேர் என்றால் வழக்கமாக 2-3-2 (இடப் பக்கம் இருவர், நடுவில் மூவர், வலப் பக்கம் இருவர்), ஆறு என்றால் 2-2-2, ஐந்து என்றால் 2-1-2. ஆறு பேருக்குக் குறைந்தால் எதிரணிக்குப் போனஸ் கிடையாது. போனஸ் இல்லாததால் ரைடர் காலை வீசிக் கோட்டைத் தாண்ட வர மாட்டான், கார்னருக்குக் கால் கிடைப்பது குறையும். ஆனால் அவன் பாக் லைனைக் கடந்தே ஆக வேண்டும். அதனால் ஐந்து பேராக இருக்கும்போது கார்னர்கள் ஓரடி முன்னே நிற்கலாம். நடுவில் மிஞ்சுகிற ஒற்றை ஆள் யார் என்பதைத்தான் உண்மையில் வாதாட வேண்டும். இரண்டு பக்கமும் ஓடத் தெரிந்த கவரா, ரைடரா? ஆட்டத்தில் முன்னிலையில் இருந்தால் கவர், பின்தங்கியிருந்தால் ரைடர் என்பது எங்கள் கணக்கு.

மூன்று பேரோ அதற்குக் குறைவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு பாயிண்ட். இங்கே மூவரும் பொறுமைக்காரர்களாக இருக்க வேண்டும். வெளியே போன வரிசையில்தான் ஆட்கள் திரும்ப உள்ளே வருவார்கள் என்பதால், முதல் இரண்டு பேராக யார் வெளியே போனார்கள் என்பதையும் நோட்டின் ஓரத்தில் குறித்துவையுங்கள். போனஸ் பாயிண்ட் எடுத்தால் ஆள் உள்ளே வர மாட்டான். இதை மறந்துவிட்டு "இன்னேரம் கார்னர் வந்திருக்கணுமே" என்று நடுவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

இரண்டு ரைடு பாயிண்ட் இல்லாமல் வெறுமையாகப் போனால் மூன்றாவது "டூ ஆர் டை", அதிலும் பாயிண்ட் எடுக்காவிட்டால் ரைடர் அவுட். ரைடர் உள்ளே வந்தே தீர வேண்டும், கார்னர் தேடிப் போக வேண்டியதில்லை. சில ஊர்ப் போட்டிகளில் இந்த விதியைக் கடைப்பிடிப்பதில்லை. ஆட்டத்துக்கு முன்பே கமிட்டியிடம் கேட்டுவிட்டுத் தாளை எழுதுங்கள்.

முதன்மை ரைடர் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்குத் தமிழ் தலைவாஸின் 2022 ஆட்டங்கள் நல்ல பாடம். 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் ஷெராவத், ப்ரோ கபடி ஒன்பதாவது சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறினார். ரைடு பொறுப்பு இளைஞர் நரேந்தர் கைக்கு வந்தது. அணி அந்த சீசனில்தான் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. லெப்ட் கார்னரில் சாஹில் குலியா, ரைட் கார்னரில் சாகர் என்று இரண்டு ஓரமும் திடமாக இருந்ததை வாதத்தில் மறக்காமல் சொல்லுங்கள். ரைடரை நினைத்துக் கையைப் பிசைகிறவர்களுக்குப் பதில் அதில் இருக்கிறது.

மணல், காற்று, கடல் நாள்

கடற்கரை மணலில் பழகிவிட்டு மேட் (விரிப்பு) போட்ட களத்தில் விளையாடப் போனால் கணக்கு மாறும். பொலபொலவென்ற மணலில் கால் புதையும், ரைடரின் துள்ளல் குறையும், கவரின் டாஷுக்கும் உதை கிடைக்காது. அங்கே கார்னர் பிடி ஓங்கும். இறுகிய செம்மண் களத்திலும் மேட் களத்திலும் டாஷ் ஓங்கும். நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே "மணல்", "செம்மண்", "மேட்" என்று எழுதிவையுங்கள். மூன்றையும் கலந்து கூட்டினால் கணக்கு பொய் சொல்லும். பழகும் திடலை மாலை வெளிச்சத்திலேயே ஒரு முறை அரித்து, கிளிஞ்சல் ஓடும் சீமைக்கருவேல முள்ளும் பொறுக்கிவிடுங்கள். முள் பயம் இருந்தால் எந்தக் கார்னரும் முழுசாக விழ மாட்டான். அதைப் பார்த்துவிட்டு "பயந்தாங்கொள்ளி, மாத்து" என்பார்கள்.

கச்சான் காற்று வீசும் காலத்தில் மணல் முகத்தில் அடிக்கும். டாஸ் ஜெயித்தால் களமா ரைடா என்று தேர்ந்தெடுக்கலாம். பலத்த காற்று நாளில் களத்தைக் கேளுங்கள், காற்று நம் முதுகில் இருக்கும் பக்கம்.

ராமேசுவரம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. அந்த நாட்களின் இரவில் போட்டி என்றால் அணித்தாளில் பாதிப் பெயர் கடலில் இருக்கும். மறுநாள் காலையில் கரை சேர்ந்து மாலையில் களம் இறங்குகிறவனின் உள்ளங்கை கயிறு இழுத்துத் தோல் உரிந்திருக்கும், உப்பு ஊறியிருக்கும். கணுக்கால் பிடிக்கு அந்தக் கை ஆகாது. அன்று அவனைக் கவரில் விடுங்கள், தோளுக்குக் குறையில்லை. குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் நடுவர் திருப்பி அனுப்புவார், உடம்பில் எண்ணெய் கூடாது என்பது விதி. நகத்தையும் வெட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். புது ஜோடிகளைச் சேர்த்துப் பார்க்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தோது. விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள்.

வாதத்தில் செல்லாத காசுகள்

"உயரமா இருக்கான், கார்னர்ல போடு" என்பது செல்லாது. உயரம் ரைடருக்குக் கால் நீட்ட உதவும், கார்னருக்கு இறங்கத்தான் சிரமம். "போட்டிக்குப் பணம் கொடுத்தவர் மகன்" என்பதை நேராக மறுக்க முடியாது, நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். "ரெண்டு கார்னரையும் மாத்திப் பாப்போம்" என்பது கேட்க நன்றாக இருக்கும். செய்தால் இரண்டு கூட்டும் ஒரே நேரத்தில் உடையும். ஒரு முறைக்கு ஒரு இடம் மட்டும் மாற்றுங்கள். மூன்று மாலை பழக்கத்தில் பார்த்து, ஒவ்வொரு மாலையும் அந்தப் பக்கம் 20 ரைடு விட்டு, அதையும் நோட்டில் ஏற்றுங்கள். "ந" குறைந்தால் மாற்றம் சரி. "த" கூடினால் பழையபடி வையுங்கள். இறுதி ஆட்டத்தன்று எதையும் முதன்முறையாகச் செய்து பார்க்காதீர்கள்.

முடிவான மூன்று வரித் தாளைக் கேப்டனிடம் டாஸுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு கோட்டுக்கு வெளியே நின்று "மூணு, முன்னே ஏறு" என்று கத்தினால், ரைடர் காதிலும் விழும். அவன் 3 நகர்ந்த இடத்தில்தான் காலை வைப்பான்.